ஜன்னல் எந்தப் பக்கம்?

பேத்தி வீடு வாங்கியிருக்கிறாள். டுரியான் துங்கால் பக்கம் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பு ஒன்றில் மூன்று அறை வீடு. ஒன்று அவளுக்கும் கணவனுக்கும், ஒன்று வந்துபோகிறவர்களுக்கு, மூன்றாவது தன் வேலைக்கு என்கிறாள். குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. அந்த அறையை எப்படி அமைப்பது என்று கைப்பேசியில் படம் படமாக அனுப்பினாள். வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி, வளைந்த கழுத்துள்ள விளக்கு, ஓர் அழகான நாற்காலி. "தாத்தா, நீங்க அம்பது வருஷத்துக்கு மேல எழுதுறவங்க. எது நல்லாருக்குன்னு சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்றேன். நான்கு நாளாக யோசிக்கிறேன். சுவரின் நிறத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது ஒரு கோணிச் சாக்கு.

நான் பிறந்து வளர்ந்தது ஜாசின் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். மலாக்காவுக்கு ரப்பர் பழைய உறவு. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் போட்டதுதான் மலாயாவில் வியாபாரத்துக்கென்று எழுந்த முதல் ரப்பர் தோட்டம். பிறகு காடெல்லாம் பால்மரமாயிற்று. மரத்துக்கு மரம் அடி அளந்து இடம் விட்டு நிரை பிடித்தார்கள். மரத்துக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும் என்று தெரிந்திருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு அப்படி யோசித்தவர் யாருமில்லை. முன்னால் அஞ்சடித் திண்ணை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. அதில் நாங்கள் ஏழு பேர். வீட்டுக்கு வீடு இடையில் இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. மூன்றாவது வீட்டுக் குழந்தை இருமினால் எங்கள் வீட்டில் அம்மா எழுந்து உட்காருவார்.

1963இல் எனக்குப் பதினான்கு வயது. கதை எழுத வேண்டும் என்ற ஆசை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. இராத்திரியானால் தோட்டத்து ஜெனரேட்டர் நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். நடுவீட்டில் விளக்கெரித்தால் அவர் தூக்கம் கெடும், அஞ்சடியில் உட்கார்ந்தால் கொசு. இரண்டு நாள் நான் புரண்டு புரண்டு படுத்ததை அம்மா பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் உரம் வந்த கோணி ஒன்றைத் துவைத்துக் காயவைத்து, பிரித்து, அடுப்படி வாசலில் திரையாகத் தொங்கவிட்டார். "அப்பா கண்ணுல வெளிச்சம் படாது. உக்காந்து எழுது. ரொம்ப நேரம் வச்சிராத, எண்ணெ காசு."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்ன எழுதுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் மறுநாள் அடுப்புக்காக உள்ளே அடுக்கும் விறகை அன்றுமுதல் வெளியே தாழ்வாரத்தில் அடுக்கினார். என் கால் நீட்ட இடம் வேண்டும் என்பதற்காக. மழை வந்து விறகு நனைந்த காலைகளில் புகையோடு அவர் மல்லுக்கட்டியதும் அதனால்தான். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது வெகு காலம் கழித்து.

அரிசிப் பெட்டிதான் மேசை. எழுதியதை மெல்ல வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். ஒருநாள் காலை பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "ஏண்டா தம்பி, அந்தக் கிழவி பிழைச்சாளா இல்லையா? கடைசியில நீ ரொம்ப மெதுவாப் படிச்சிட்ட, கேக்கல." கூரையைத் தொடாத சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தினமும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அன்றிரவு கொஞ்சம் உரக்கப் படித்தேன். நான் எழுதும் நேரத்துக்குத் தன் ரேடியோவை அவர் சின்னதாக வைத்துக்கொள்வதையும் பிறகுதான் கவனித்தேன்.

1966இல் என் முதல் கதை தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் வந்தது. மாமா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நான் கேட்ட கதைதான்" என்று லயம் முழுக்கச் சொன்னார். மூன்று வருடம் கழித்து 1969 மே இனக் கலவரம் வந்தது. அதன் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். மாமாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. முப்பது வருடம் பால் எடுத்த மனிதர். அவரைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காலத்தில் ஊர் திரும்பினார்கள். 1970இல் ரஜூலா கப்பலுக்குச் சீட்டு எடுத்தார். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, மெராந்திப் பலகையில் தானே அறுத்து இழைத்துச் செய்த மேசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டடி அகலம், மூன்றரை அடி நீளம், ஒரு இழுப்பறை. "கப்பல்ல ஏத்த முடியாது. நீ எழுதுறவன், வச்சுக்க." இழுப்பறையைத் திறந்தால் உள்ளே இரண்டு பென்சில்.

அந்த மேசை இப்போதும் என் முன்னால் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த தவற்றைத்தான் பேத்திக்குச் சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியரானேன். 1975இல் திருமணம். 1980இல் ஜாசினில் கடன் எடுத்து ஒரு வரிசை வீடு வாங்கினோம். என் மனைவி நல்ல தையற்காரி. கல்யாணத்துக்கு முன்பே மாதத் தவணையில் ஒரு சிங்கர் மிஷின் வாங்கித் தவணையை முழுக்கக் கட்டி முடித்திருந்தாள். தீபாவளிக்கு ரவிக்கை, ஆண்டு முடிவில் பள்ளிப் பிள்ளைகளின் நீலப் பினபோர், மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகிறவர்களின் மஞ்சள் துணி என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். வீட்டுக் கடனில் அவள் மிதித்த பங்கு எவ்வளவு என்று நான் எழுதி வைத்ததில்லை, சிறிதாக இருந்திருக்காது.

வீட்டின் முன்னறைக்குக் கிழக்கே ஜன்னல். காலை வெளிச்சம் தரையில் பாய் விரித்ததுபோல் வந்து விழும். குடிவந்த அன்று மிஷினை அவள் அந்த ஜன்னலோரம்தான் வைத்தாள். ஒரு மாதம் அங்கேயே இருந்தது. பிறகு நான், எழுத்தாளனுக்குத் தனியறை வேண்டும் என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒரு நண்பரும் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் தகரக் கூரை இறக்கிய அடுப்படி மூலையில் வைத்தோம். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அலமாரி செய்து, வள்ளுவர் படம் மாட்டி, மாமாவின் மேசையை ஜன்னலோரம் போட்டேன். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று சட்டமும் போட்டேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஓர் அறை கிடைத்தால் நாவல் தானாக வரும் என்று உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். நான்கு மணிக்கு மழை பிடித்தால் இன்னொரு வகை: பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, வானம் இருண்டு கறுப்பு நூலும் நீல நூலும் ஒன்றாகத் தெரியும். அங்கேதான் அவள் பதின்மூன்று வருடம் தைத்தாள்.

1983 என்று நினைக்கிறேன். என் கதை வந்த தமிழ் நேசன் தாள் ஒன்றைத் தேடினேன். அடுப்படியில் கிடைத்தது, ரவிக்கைக் கையின் வடிவத்தில் வெட்டப்பட்டு. அளவுக்குப் பழைய பேப்பரில் மாதிரி வெட்டி, அதைத் துணிமேல் வைத்துச் சோக்கால் கோடு போடுவது தையற்காரர் வழக்கம். அடுக்கிலிருந்து கைக்கு வந்த தாளை எடுத்திருக்கிறாள். நான் கத்திவிட்டேன். அக்கம்பக்கம் கேட்கும்படி கத்தினேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது மேசைமேல் அந்தத் தாள் இருந்தது. வெட்டிய துண்டுகளையெல்லாம் குப்பையிலிருந்து பொறுக்கி, எழுத்தோடு எழுத்து சேரவைத்து, வெள்ளை நூலால் மிஷினில் தைத்திருந்தாள். தாளைத் தைப்பது லேசு அல்ல. தையல் நெருக்கமாக விழுந்தால் ஊசித் துளைகளோடு கிழிந்துவிடும். நீளத் தையலாக வைத்து, மெதுவாக மிதித்து, துணியைப் போல் இழுக்காமல் நகர்த்த வேண்டும். ஒரு வரிகூட ஏறுமாறாகப் போகவில்லை. இவ்வளவையும் இன்று சொல்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, தாளை மடித்து இழுப்பறையில் வைத்தேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிஷினும் அடுப்படியில்தான் இருந்தது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது. சென்னைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் வாங்கி வந்தார். அந்தத் தலைப்புக் கதையில் பெரிய வீடு ஒன்றின் சமையலறை இருட்டு மூலையில் இருக்கும்; வெளியே பச்சை மலைகள் இருக்கும்; உள்ளே நிற்கிறவர்களுக்கு அவை தெரிய வேண்டும் என்ற எண்ணம் வீட்டுப் பெரியவருக்கு வராது. எனக்கு மிகவும் பிடித்த கதை. மலாக்கா டவுனில் வாசிப்பு நண்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "ஒரு காப்பி குடும்மா" என்று முன்னறைக்குள் போய் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

படித்தது உள்ளே இறங்க எனக்கு ஓர் ஊசி தேவைப்பட்டது.

1993, பள்ளி விடுமுறை. என் மனைவி நாற்பதைத் தொட்டிருந்தாள். கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோப்பது சிரமமாயிற்று. பிள்ளைகள்தான் கோத்துக் கொடுப்பார்கள். அன்று பிள்ளைகள் இல்லை. "என்னங்க, இதக் கொஞ்சம் கோத்துக் கொடுங்க" என்று கூப்பிட்டாள். போய் ஊசியை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்று முயன்றேன். மழை இருட்டு. ஊசியின் காதே தெரியவில்லை. எச்சில் தொட்டு, நூலை முறுக்கி, நாலைந்து தடவை பார்த்தேன். பிறகு ஊசியும் நூலுமாக நடையைக் கடந்து முன்னறைக்கு வந்து என் ஜன்னலில் நின்றேன். முதல் தடவையிலேயே நூல் ஏறிவிட்டது.

கோத்த ஊசியைப் பிடித்துக்கொண்டு திரும்பி அடுப்படிக்கு நடந்தேன். முப்பது அடி இருக்குமா? அவ்வளவு நீளமாக அந்த வீடு எனக்கு அதற்குமுன் இருந்ததில்லை. அந்த நேரத்தில், அந்த மூலையில், நான் அதற்குமுன் ஒருநாளும் நின்றதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஊசியைக் கொடுத்தேன். "வெளிச்சம் இல்லையே இங்க" என்றேன். அவள், "ஆமா" என்றாள். ஒரு குறையும் இல்லாத குரலில் சொன்னாள், அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் காலையிலேயே மிஷினை முன்னறைக்குக் கொண்டுவந்தேன். இரும்புக் கால் கனம். இழுக்கும்போது தரையில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. ஜன்னலோரம் மிஷின், அதற்குப் பக்கவாட்டில் என் மேசை. சத்தத்தில் எழுத முடியுமா என்ற பயம் எனக்கு இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் இந்த ஊர் வீடுகள் எப்போதும் வேலையின் சத்தத்தோடு இருந்தவைதாம். முன்ஷி அப்துல்லா 1796இல் இதே மலாக்காவில், கம்போங் பாலியில் பிறந்தவர். தமிழும் அரபும் கலந்த குடும்பம். கணக்கு வழக்குக்கு வேண்டும் என்று சிறுவயதில் தமிழும் படிக்க வைத்தார்கள். நவீன மலாய் உரைநடைக்கு முன்னோடி என்று கொண்டாடப்படுகிறவர், தன் பாட்டி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பள்ளி நடத்தியதை 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் கூட்டமாகப் பாடம் ஒப்பிக்கும் இரைச்சலில் எழுத்துக் கற்ற ஒரு மனிதர் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வாசிக்கப்படுகிறார். ஒரு மிஷின் சத்தம் என்னை என்ன செய்துவிடும்?

அதற்குப் பிறகு அறையை நாங்கள் இருவருமாகத்தான் அமைத்தோம். நூலும் லைனிங் துணியும் வாங்க ஜாலான் பெண்டஹாராவுக்கு அவளோடு போவேன். அந்தப் பக்கம் ஒரு பத்தர் வாசலோரம் குட்டை மேசை போட்டு வேலை செய்வார். ஊதுகுழல், குறடு, தராசு எல்லாம் கை எட்டும் தூரத்தில். உள்ளே நல்ல இடம் இருந்தும் வாசலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்டேன். "வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதான் சார் பட்டறை" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒவ்வொன்றாகக் கை நீட்டிப் பார்த்தாள்: கத்தரி எட்டுகிறதா, பாபின் டப்பா எட்டுகிறதா, எனக்கு அகராதி எட்டுகிறதா. எட்டாதவற்றை இறக்கினோம். வலதுகைக்காரர்களான எங்கள் இருவருக்கும் இடப்பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி மேசையைத் திருப்பினோம். கையின் நிழல் எழுத்தில் விழாது. சுவரோடு ஒட்டியிருந்த அலமாரியை நான்கு விரல் தள்ளி வைத்தோம். நம் ஊர் ஈரத்தில் சுவரும் புத்தகமும் ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், கரையான் சத்தமில்லாமல் ஏறும். நான்கு விரல் இடைவெளியில் காற்றும் போகும், டார்ச் அடித்துப் பார்க்கவும் முடியும். வசம்புத் துண்டு வைப்பது அவள் யோசனை.

மிக முக்கியமான மாற்றத்தை நாங்கள் திட்டமிடவில்லை. அவள் தையல் பிரிக்கும் நேரங்களில் மிஷின் ஓடாது. அப்போது, "என்ன எழுதினீங்க, படிங்க" என்பாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து அவளுக்கு என் கதையை முதல்முறையாகப் படித்துக் காட்டினேன். காலில் வெட்டுப்பட்ட மகனுக்குத் தாய் தன் சேலையைக் கிழித்துக் கட்டுவதாக எழுதியிருந்தேன். கேட்டுவிட்டு, "அது என்ன சேல?" என்றாள். எழுபத்திரண்டில் நடக்கிற கதை, நைலெக்ஸ் சேலை என்று போட்டிருந்தேன். "நூல் சேலதான் கையால கிழியும். நைலெக்ஸ் கிழியாதுங்க. அவ சேலயக் கிழிக்கப் பாத்து, முடியாம, ஓடிப்போய் புருஷனோட பழைய வேட்டிய எடுத்துட்டு வரட்டும்." அப்படியே மாற்றினேன். அந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லோரும் சொன்னது அந்தத் தாய் சேலையோடு போராடும் இடத்தைத்தான்.

சென்ற மாதம் ரோஜா முத்தையாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கோட்டையூரில் வாழ்ந்த பெயர்ப்பலகை ஓவியர். வாழ்நாள் முழுக்கப் புத்தகம் சேர்த்தார். 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அது 1994இல் சென்னையில் நூலகமானது. தமிழுக்குப் பெரிய கொடை. முன்பு படித்திருந்தால் புத்தகங்களின் எண்ணிக்கையைப் பார்த்து வியந்திருப்பேன். இப்போது வேறொன்றும் கூடவே தோன்றுகிறது: அத்தனை புத்தகம் இருந்த வீட்டில் மற்றவர்கள் எங்கே பாய் விரித்தார்கள், எங்கே பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள்? அந்தக் கொடையில் அவர்களுக்கும் பங்கு இருக்கும்.

எங்கள் தோட்டம் இப்போது செம்பனை. லயம் இருந்த இடத்தில் பீலி மேடை மட்டும் மிச்சம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரி முதல் நாளோடு நின்றுவிட்டது. அன்று மாலை இழுப்பறையைத் திறந்து தைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். தாள் பழுத்துவிட்டது, ஓரம் தொட்டால் உதிர்கிறது. தையல் மட்டும் விடவில்லை. என் மனைவியிடம் காட்டி, முப்பத்தாறு வருடம் சொல்லாமல் வைத்திருந்த மன்னிப்பைக் கேட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கை அளவு யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா? உங்க அம்மாவோடது" என்றாள்.

நேற்று பேத்தியைக் கூப்பிட்டேன். சுவரின் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் எங்கே உட்காரப் பிடிக்கும் என்று கேட்டாயா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் கிட்டார் வாசிப்பார், அதற்கு அந்த மூன்றாவது அறைதான் சரி, சத்தம் வெளியே போகாது என்று முன்பு ஒருமுறை சொன்னதாகச் சொன்னாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள், பேசி முடித்தபின் மாமாவின் மேசையை லாரியில் அனுப்புகிறேன் என்றேன். "அப்ப நீங்க எதுல எழுதுவீங்க தாத்தா?" என்றாள். மிஷினுக்குப் பலகை மூடி இருக்கிறது, பாட்டி தைக்காத நேரத்தில் அது எனக்குப் போதும் என்றேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கைப்பேசி அடித்தது. என் மனைவி எடுத்தாள். பேத்தியிடம் முதலில் கேட்டது, "ஜன்னல் எந்தப் பக்கம்?" கிழக்கா, மேற்கா என்று நன்றாக விசாரித்துவிட்டு, மேற்கு என்றால் மத்தியான வெயிலுக்குத் திரை வேண்டும், தானே தைத்து அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். இந்தத் தாளின் ஓரத்தில் 52, 68 என்று இருக்கும் எண்கள் அவள் எழுதியவை.